மேலாற்றில் தொலைந்த மசாம்பா சார்

“எங்க கிரி ஆறு ஒரு நாள் பின்னாடி ஓடிச்சு. சும்மா ஓடல. எங்க சாரையும் ஒரு ஆட்டையும் தூக்கிக்கிட்டு ஓடிச்சு!”

சிறுமி போலும்பு இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர் ஒருவர்கூட நம்ப மாட்டார். மீன் வாங்க வரும் வியாபாரிகள் கண்ணடித்துக்கொள்வார்கள். உபாங்கி ஆற்றில் மோட்டார் படகு ஓட்டுகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ம்பண்டாகா நகரத்திலிருந்து வந்த அவளுடைய சித்தப்பா, “காய்ச்சலா கண்ணு?” என்று நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டார்.

ஆனால் லிசோம்பே ஊரில் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். ஊரே பார்த்த சங்கதி அது. ஒரே ஓர் ஆள் மட்டும் “அப்படி நடக்கவே இல்லை” என்று சாதித்தார். அவர் யார் தெரியுமா? ஆறு தூக்கிக்கொண்டு போனதே, அதே சார்தான்!

லிசோம்பேயில் கடவுள் படைத்த தரை என்று ஒரு சாண்கூடக் கிடையாது. எங்கு பார்த்தாலும் தண்ணீர், தண்ணீருக்குள் காடு. இருக்கிற தரையெல்லாம் மனிதர்கள் செய்தது. தண்ணீர் வடியும் மாதங்களில் ஆற்றடியிலிருந்து சேற்றை வாரி வாரிக் கொட்டி, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு தீவு கட்டியிருந்தது. ஒரு தீவில் ஒரு வீடு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தீவு. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கக்கூடப் படகில்தான் போகவேண்டும்.

அதனால் லிசோம்பேக் குழந்தைகள் நடக்கப் பழகும் முன்பே துடுப்புப் போடப் பழகிவிடும். போலும்பு கையில் துடுப்போடுதான் பிறந்தாள் என்று அவளுடைய அப்பா சொல்வார். அது கொஞ்சம் மிகை. சின்னத் துடுப்புதான்.

இந்த ஊரில் வலது, இடது என்ற பேச்சே இல்லை. ஆறு வரும் பக்கம் மேலாறு, போகும் பக்கம் கீழாறு, அவ்வளவுதான். “பானையை மேலாத்துப் பக்கமா நகர்த்தி வை” என்பார்கள். “உன் கீழாத்துக் கன்னத்துல மரவள்ளி மாவு ஒட்டியிருக்கு, துடை” என்பார்கள். போலும்புவின் அம்மாவுக்குக் கோபம் வந்தால், திருகுவது எப்போதும் மேலாற்றுக் காதைத்தான்.

மசாம்பா சார் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து வந்தவர். அவருடைய கால்சட்டை மடிப்பின் கூர்மையில் மரவள்ளிக்கிழங்கை நறுக்கலாம். கழுத்தில் எப்போதும் டை. அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் காலை வைத்தாலே கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு முன்னால் மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். முதலாமவர் ஒரு மாதம் இருந்தார். இரண்டாமவர் ஒரு வாரம். மூன்றாமவர் படகிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, “தரை எங்கே?” என்று கேட்டுவிட்டு, அதே படகில் திரும்பிப் போய்விட்டார்.

மசாம்பா சார் மட்டும் இரண்டு வருஷமாக இருந்தார். “மறுபடி படகுல ஏற பயம், அதான் போகல” என்று ஊரார் கேலி செய்வார்கள். போலும்பு சிரிக்க மாட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

ஒரு காலத்தில் போலும்புவின் கண்ணுக்குப் புத்தகத்தில் எழுத்துகளே தெரியாது. எறும்புகள்தான் தெரியும். பார்க்கப் பார்க்க ஓடும். மற்ற பிள்ளைகள் கதை படிக்க, அவள் மட்டும் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். மசாம்பா சார் ஒவ்வொரு மதியமும் அவளோடு உட்கார்ந்தார். ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல. மழைக்காலம் முழுவதும்.

“எல்லாத்தையும் பார்க்காதே. ஒரே ஒரு எழுத்தை மட்டும் பாரு. மத்தது எங்கயும் ஓடிப்போகாது” என்பார்.

ஒரு நாள் எறும்புகள் நின்றன. போலும்பு படித்தாள். அன்று அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஆனால் வாய் வரவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல நின்றுவிட்டது.

ஒரு நாள் வகுப்பில் வரலாற்றுப் பாடம். “உங்க முன்னோருங்க ஏன் இந்தச் சதுப்புக்குள்ள வந்து குடியேறினாங்க? யாருக்குத் தெரியும்?” என்று சார் கேட்டார்.

போலும்பு எழுந்தாள். “அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்களோட ஆளுங்க ரப்பர் கொண்டா, ரப்பர் கொண்டான்னு துப்பாக்கியோட வந்தாங்கல்ல சார், அவங்களுக்குப் பயந்து ஒளிய வந்தாங்க. துப்பாக்கிக்காரங்க படகுல துரத்திக்கிட்டு வந்தாங்க. தண்ணியில சமையலுக்கு உரிச்ச காய்த் தோல் மிதந்து வந்தா, அது வர்ற பக்கம் ஆளுங்க இருப்பாங்கன்னு கண்டுபிடிப்பாங்களாம்.”

“சரிதான். அப்புறம்?”

“அப்புறம், அன்னிக்கு ஆறு பின்னாடி ஓடிச்சு. ஒரு தோல்கூட கீழாத்துக்குப் போகல. காட்டுல யாருமே இல்லன்னு நினைச்சு அவங்க திரும்பிப் போயிட்டாங்க. ஆறுதான் எங்களைக் காப்பாத்திச்சு.”

சார் சிரித்துவிட்டார். கரும்பலகையில் ஒரு சரிவான கோடு போட்டு, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்தார்.

“தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆறு என்ன ஆடா, சாயங்காலம் ஆனா வீட்டுக்குத் திரும்பி வர?”

“எங்க ஊர்லதான் மேடும் இல்ல, பள்ளமும் இல்லையே சார்! எல்லாம் தட்டையா இருக்கு. எங்க ஆறு போய்க் கலக்கிற பெரிய உபாங்கி ஆறு நிறைஞ்சுபோச்சுன்னா, அதுக்கு வழி விடாதாம். கூட்டம் நிறைஞ்ச படகுல நாம ஏறப் போனா பின்னாடி தள்ளிவிடுவாங்கல்ல? அது மாதிரியாம்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும் சொல்வாங்க.”

“யாராவது பார்த்திருக்காங்களா?”

பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“என் கண்ணால பார்த்தா ஒத்துக்கறேன். அதுவரைக்கும் ஆறு முன்னாடிதான் ஓடும். உட்காரு” என்றார் சார்.

அந்த வருஷம் மழை பெய்தது பாருங்கள், அப்படி ஒரு மழை! மீன்களுக்கே சளி பிடித்துவிட்டது. உபாங்கி ஆறு நிரம்பி வழிகிறது என்று படகுக்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். லிசோம்பேயின் தீவுகளில் தண்ணீர் வாசற்படிவரை ஏறியது.

வெள்ளம் எங்கிருந்தோ ஒரு பெரிய புல்திட்டையும் கொண்டுவந்தது. புல்லும் ஆகாயத்தாமரையும் வேரோடு வேர் பின்னி, மிதக்கும் மெத்தைபோல வரும் திட்டு அது. கால்பந்து மைதானத்தில் பாதி இருக்கும். வந்து பள்ளிக்கூடத் தீவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

முதலில் அதில் ஏறியது, போலும்பு வீட்டுக்கு அடுத்த தீவில் இருக்கும் மொசெகா அத்தை பள்ளிக்கூடத் தீவில் மேயவிட்டிருந்த ஆடு. இரண்டாவதாக ஏறியவர் மசாம்பா சார்.

அவரைக் குறை சொல்லக்கூடாது. கின்ஷாசாவில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து பழகியவர். இங்கே அவர் தங்கியிருந்த பள்ளிக்கூடத் தீவோ முப்பது அடி நீளம். முப்பது அடி நடந்து திரும்பி, முப்பது அடி நடந்து திரும்பி, இரண்டு வருஷத்தில் அவருக்கு உலகமே சுற்றுவதுபோல ஆகிவிட்டது. இப்போது கண்ணெதிரே ஒரு மைதானம்! காலால் அழுத்திப் பார்த்தார். தாங்கியது.

மறுநாள் விடிகாலை. பனிமூட்டம் பாலாடைபோலப் படிந்திருந்தது. சார் பாதணிகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். கையில் புவியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். விசில் அடித்தபடி புல்திட்டில் நடக்கப் போனார்.

அதே நேரத்தில் போலும்புவின் வீட்டில் ஒரு பெரும் போர் தொடங்கியது.

மொசெகா அத்தையின் தீவு போலும்புவின் தீவுக்குக் கீழாற்றுப் பக்கம் இருந்தது. இந்த வீட்டில் கழுவிவிடும் மீன் செதில் எல்லாம் மிதந்து போய் அந்த வீட்டுத் துறையில் ஒதுங்கும். பதினோரு வருஷமாக மொசெகா அத்தை தினமும் காலையில் அதற்காகத் திட்டுவார். பதினோரு வருஷமாக அம்மா பதில் பேச முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை அம்மா பானை கழுவப் போனார். துறையில் வாழைக்காய்த் தோல் குவிந்து கிடந்தது.

அம்மா திகைத்து நின்றார். இவர்கள் வீட்டில் வாழைக்காய் சமைத்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று வாழைக்காய் சமைத்தது மொசெகா அத்தை வீட்டில்தான். வாசனை வந்ததே!

அம்மா அவசரப்படவில்லை. வீட்டுக்குள் போனார். தலைவாரிக்கொண்டார். தேவாலயத்துக்குக் கட்டும் பூப்போட்ட துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு தீவின் ஓரத்தில் வந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து ஆரம்பித்தார்.

“மொசெகா! ஏ மொசெகா! வெளிய வா! பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக்க!”

“என்னடி ஆச்சு உனக்கு, விடியக்காலையில?”

“உன் வீட்டுத் தோலை என் வீட்டு வாசல்ல கொட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“தோலு எப்படி மேலாத்துக்கு ஏறும்? காலு முளைச்சு நடந்து வந்துச்சா? நீயே தின்னுட்டு என் மேல பழி போடறியா?”

அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் குட்டிகளின் காதைப் பொத்தின. போலும்பு மட்டும் சண்டையைக் கவனிக்கவில்லை. அவள் துறையில் ஊறப்போட்டிருந்த மரவள்ளிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் கட்டிய அந்தக் கூடை எப்போதும் கீழாற்றுப் பக்கம்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். இன்று மேலாற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

‘யாரோ மாத்திக் கட்டியிருக்காங்க’ என்று நினைத்துக்கொண்டு, ஆறு வயதுத் தம்பி இக்வாவை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் படகைத் தள்ளினாள்.

பள்ளிக்கூடத் தீவு ஊரின் மேலாற்றுக் கோடியில் இருந்தது. இவர்கள் போனபோது பிள்ளைகள் எல்லாரும் கரையோரம் கூடி நின்றார்கள்.

சாரின் பாதணிகள் வரிசையாக இருந்தன. சார் இல்லை. புல்திட்டு இருந்த இடத்தில் கருப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

“சார் திட்டோட போயிட்டார்!” என்று ஒரு பையன் கத்தினான்.

செய்தி ஊர் முழுவதும் பரவியது. ஆண்கள் படகுகளை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத் தீவுக்கு வந்து கூடினார்கள். மொசெகா அத்தை சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, “ஐயோ, என் ஆடு!” என்று மார்பில் அடித்துக்கொண்டார். எல்லாரும் முறைக்கவும், “ஐயோ, நம்ம சார்!” என்று திருத்திக்கொண்டார்.

ஊர்த்தலைவர் மங்கோண்டா தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டு முன் படகில் நின்றார். “கீழாத்துக்கு விடுங்க! சீக்கிரம்! அவருக்கு நீச்சல் தெரியாது!”

ஆற்றில் தவறிப்போனதை எங்கே தேடுவார்கள்? கீழாற்றில்தான். கையிலிருந்து நழுவிய கரண்டி என்றாலும், கட்டு அவிழ்ந்த படகு என்றாலும் கீழாற்றில்தான். லிசோம்பேயில் இதை யோசித்துச் செய்வதில்லை. கொட்டாவி வந்தால் வாய் திறப்பதுபோலத் தானாக நடக்கும்.

போலும்பு தண்ணீரைப் பார்த்தாள். வெள்ளம் காடு முழுவதும் பரந்து கிடந்ததால் ஓட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. வாழைத் தோல். கூடைக் கயிறு. வரும்போது சிரமமே இல்லாமல் வந்த படகு. அவள் குனிந்து ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள்.

இலை கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக மேலாற்றுப் பக்கம் நகர்ந்தது.

“தலைவரே! நில்லுங்க! மேலாத்துல தேடணும்! ஆறு பின்னாடி ஓடுது!”

“விளையாடற நேரமா இது?” என்று தலைவர் அதட்டினார்.

அப்பாவின் படகு அவளைக் கடந்தது. “அப்பா, நெசமாப்பா!” என்றாள்.

“நீ தம்பியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா. நாங்க பார்த்துக்கறோம்.”

படகுகள் எல்லாம் கீழாற்றுப் பனிமூட்டத்தில் மறைந்துவிட்டன.

போலும்புவுக்கு அழுகை வந்தது. சார் எங்கேயோ தண்ணீரின் நடுவில் இருக்கிறார். எல்லாரும் அவரை விட்டு விலகி விலகிப் போகிறார்கள். அவளிடம் இருப்பது ஒரு சின்னப் படகு, ஒரு துடுப்பு, ஒரு தம்பி.

“இக்வா, ஏறு.”

“வீட்டுக்கா?”

“மேலாத்துக்கு. நீ தகர டப்பாவால தண்ணி இறை. வாயை மட்டும் மூடிக்க.”

வழக்கமாக மேலாற்றுக்குப் போவதென்றால் தோள் கழன்றுவிடும். அன்று படகு வெண்ணெயில் கத்திபோலப் போனது.

“அக்கா, நீ துடுப்பே போடலையே. படகு எப்படிப் போகுது?”

“ஆறு தள்ளுது.”

“ஆறு இப்படித் தள்ளாதே?”

“இன்னிக்குத் தள்ளுது, இக்வா!” என்றாள் போலும்பு. பயத்தின் நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னது சரிதான்! ஆனால் அடுத்த நிமிடமே துடுப்பை எடுத்து வேகமாகப் போட்டாள். இது இவ்வளவு வேகமாகப் போனால், சார் எவ்வளவு தூரம் போயிருப்பார்?

முதல் வளைவு தாண்டியது. இரட்டைப் பனை தாண்டியது. வழியெங்கும் புல்திட்டின் துண்டுகள் மரங்களில் மாட்டிக் கிடந்தன. திட்டு உடைந்துகொண்டே போகிறது!

“சாஆஆர்!”

பதில் இல்லை.

“சாஆஆஆர்!”

“மே!” என்றது பனிமூட்டம்.

போலும்பு துடுப்பை நிறுத்தினாள். ஆட்டின் குரலோடு இன்னொரு குரலும் மெல்லக் கேட்டது. கம்மிப்போன, நடுங்கும் குரல்.

“பன்னெண்டு ஏழு எண்பத்து நாலு... பன்னெண்டு எட்டு தொண்ணூத்தாறு...”

பயம் போக வாய்ப்பாடு சொல்லும் ஆள் இந்த ஆற்றிலேயே ஒருவர்தான்!

மைதானம் அளவு இருந்த திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன் நடுவில் டையோடு சார் குந்தியிருந்தார். கணுக்கால்வரை தண்ணீர். பக்கத்தில் ஆடு நின்று புவியியல் புத்தகத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. மலைகள், பாலைவனங்கள் எல்லாம் முடித்து, ஆறுகள் பாடத்துக்கு வந்திருந்தது.

“போலும்பு!” என்றார் சார்.

அவள் படகைத் திட்டோடு அணைத்தாள். ஆடு யோசிக்கவே இல்லை. ஒரே தாவு. படகுக்குள் வந்து இக்வாவின் மடியில் உட்கார்ந்துகொண்டது.

“சார், நீங்களும் வாங்க.”

சார் எழுந்தார். திட்டு ஆடியது. உடனே உட்கார்ந்துவிட்டார். “என்னால முடியாதும்மா. எங்க பார்த்தாலும் தண்ணியா இருக்கு. காலே வரல. நீ போய்ப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வா.”

திட்டின் ஓரத்திலிருந்து ஒரு கொத்துப் புல் கழன்று மிதந்து போனது. பெரியவர்கள் வருவதற்குள் மிச்சம் ஒன்றும் இருக்காது.

போலும்பு துடுப்பைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

“சார், எழுத்தெல்லாம் ஓடுதுன்னு நான் அழுதப்ப என்ன சொன்னீங்க? எல்லாத்தையும் பார்க்காதே, ஒரு எழுத்தை மட்டும் பாருன்னு சொன்னீங்கல்ல? இப்போ ஆத்தைப் பார்க்காதீங்க. என் கையை மட்டும் பாருங்க.”

சார் அவள் கையைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் எழுந்தார். ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில் அவர் படகுக்குள் ஆட்டின்மேல் விழுந்தார். ஆடு திட்டியது. அவர் விட்டுவந்த பாயளவுத் திட்டு இரண்டாகப் பிளந்து மேலாற்றில் மிதந்து போனது.

சார் டையைப் பிழிந்தார்.

“நான் எவ்வளவு கத்தினேன் தெரியுமா? யாருக்கும் கேக்கலையா?” என்றார்.

“எங்கம்மா மொசெகா அத்தைகூடச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க சார்.”

“அந்தச் சத்தம் அதுதானா? நான் யானைக் கூட்டம்னு நினைச்சேன்.”

வீட்டுக்குத் திரும்புவது பெரும் பாடாக இருந்தது. கீழாற்றுக்குப் போகும் படகு சறுக்கிக்கொண்டு போகவேண்டும். இதுவோ ஒவ்வொரு முழத்துக்கும் முரண்டு பிடித்தது. போலும்புவின் கை மரத்துப்போனது. சார் வாழ்நாளில் முதல்முறையாகத் துடுப்பை வாங்கிப் போட்டார். அரை மணி நேரத்தில் அவர் கையில் கொப்புளம்.

“பார்த்தீங்களா சார்? ஆறு பின்னாடி ஓடுது.”

சார் தண்ணீரைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“காத்து. காத்துதான் திட்டைத் தள்ளியிருக்கு.”

“காத்தே இல்லையே சார். இலைகூட ஆடல.”

“மெல்லிசான காத்து. உனக்குத் தெரியாது.”

“மே” என்றது ஆடு. வாயில் இன்னும் ஆறுகள் பாடம் இருந்தது.

ஊரில் தேடப் போனவர்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். “கீழாத்துக்குப் போக இப்படி வேர்த்ததே கிடையாது. திரும்பி வரும்போது படகு பறந்து வருது. என்ன மாயமோ!” என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். மேலாற்றிலிருந்து வந்த படகில் டை கட்டிய ஓர் உருவத்தைப் பார்த்ததும் ஊரே கூவியது. அம்மா போலும்புவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு, சொல்லாமல் போனதற்காக மேலாற்றுக் காதைத் திருகினார். பிறகு மறுபடி கட்டிக்கொண்டார்.

ஊர்த்தலைவர் மங்கோண்டா தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் வைத்தார். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தொப்பி நேராக மேலாற்றுப் பக்கம் புறப்பட்டுப் போயே போய்விட்டது.

“போலும்பு, நீ சொன்னப்ப நான் கேட்கல. தப்பு என்னோடது” என்றார் தலைவர்.

இரண்டு நாள் கழித்து ஆறு வழக்கம்போல முன்னால் ஓடத் தொடங்கியது. சாரும் வழக்கம்போலப் பாடம் நடத்தத் தொடங்கினார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “காத்து” என்பார். பிள்ளைகள் சிரித்தால், “மெல்லிசான காத்து” என்பார்.

மழை ஓய்ந்தது. தண்ணீர் வடிந்தது. லிசோம்பேயில் சேறு வாரும் காலம் வந்தது. அதுதான் அந்த ஊரில் நன்றி சொல்லும் காலமும்கூட.

அங்கே நன்றி என்றால் வெறும் வார்த்தை போதாது. ஒரு படகு நிறைய ஆற்றுச் சேறு, தன் கையாலேயே வாரிக்கொண்டு வந்து, உதவி செய்தவரின் தீவில் கொட்டவேண்டும். கொட்டும்போது அவர் செய்த உதவியை எல்லார் முன்னாலும் உள்ளபடி சொல்லவேண்டும். ஒரு சொல் பொய்யானாலும் அந்த மண் அடுத்த வெள்ளத்தில் கரைந்து போய்விடும் என்பது ஊராரின் நம்பிக்கை.

அம்மா மொசெகா அத்தைக்கு ஒரு படகு மண் கொண்டுபோனார். “பதினோரு வருஷம் என் வீட்டுச் செதிலைப் பொறுத்துக்கிட்டதுக்கு” என்றார். “நான் எங்கடி பொறுத்துக்கிட்டேன்? தினம் திட்டினேனே!” என்றார் அத்தை. “சரி, திட்டுறதோட நிறுத்திக்கிட்டதுக்கு” என்று அம்மா திருத்தினார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

போலும்பு தன் சின்னப் படகை நிரப்பிக்கொண்டு பள்ளிக்கூடத் தீவுக்குப் போனாள். இந்த முறை தொண்டையில் முள் இல்லை.

“எனக்கு எழுத்தெல்லாம் எறும்பா ஓடிச்சு. மசாம்பா சார் ஒரு மழைக்காலம் முழுக்க என்கூட உட்கார்ந்து அதையெல்லாம் நிக்க வெச்சார். இப்போ நான் படிக்கிறேன். அதுக்கு இந்த மண்ணு” என்று சொல்லிக் கொட்டினாள். சார் கண்ணாடி துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தார். அவர் கண்ணாடி போடுவதே இல்லை.

அடுத்த நாள் போலும்புவின் தீவுக்கு ஒரு படகு வந்தது. வளைந்து வளைந்து, இரண்டு மரத்தில் முட்டி, ஒருவழியாக வந்தது. அதில் சேறு இருந்தது. சேற்றுக்கு மேல் இன்னொரு சேற்றுக் குவியல் இருந்தது. அது கண் சிமிட்டியபோதுதான் மசாம்பா சார் என்று தெரிந்தது. டையைக் காணவில்லை. கால்சட்டையில் மடிப்பு எங்கே, துணி எங்கே என்றே தெரியவில்லை.

ஊர் மொத்தமும் கூடிவிட்டது.

சார் இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். “நான் புல்திட்டுல மாட்டிக்கிட்டு, உசுரு போயிடும்னு உட்கார்ந்திருந்தேன். போலும்பு தம்பியை மட்டும் கூட்டிக்கிட்டு வந்து என்னைக் கொண்டுவந்து சேர்த்தா. எல்லாரும் கீழாத்துல தேடினப்ப, அவ மட்டும் மேலாத்துல தேடினா. ஏன்னா திட்டை மேலாத்துக்குக் கொண்டுபோனது...” நிறுத்தினார். “கொண்டுபோனது... காத்து.”

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“அப்படின்னா இந்த மண்ணைக் காத்துக்கே கொண்டுபோய்க் குடுங்க சார்!” என்றார் அம்மா.

“காத்தோட தீவு எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே” என்றார் மொசெகா அத்தை. ஊர் கொல்லென்று சிரித்தது.

போலும்பு மட்டும் சிரிக்கவில்லை. சேற்றுக்குள்ளிருந்து பார்க்கும் அந்த இரண்டு கண்களையும் பார்த்தாள். அவர் கையில் கொப்புளம் ஆறிய தழும்பின்மேல் புதுக் கொப்புளம் வந்திருந்தது. பக்கத்தில் போய் மெல்லச் சொன்னாள்.

“பரவாயில்ல சார். காத்துன்னே இருக்கட்டும். நீங்க திரும்பி வந்தீங்களே, அது போதும். மண்ணு கரைஞ்சா கரையட்டும்.”

சார் அவளையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். வகுப்பில் பாடம் நடத்தும் உரத்த குரலில், கடைசிப் படகில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“காத்து இல்ல. இரட்டைப் பனையைத் தாண்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆறு பின்னாடிதான் ஓடிச்சு. என் கண்ணால பார்த்தேன்!”